எட்டாயிரத்துக்கு மேல் மௌனம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கடைக்காரரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். பளபளவென்று கடையில் கிடைப்பதை வாங்கினால் என்ன? வாங்கலாம்தான். ஆனால் பிளைவுட்டை அறுத்து, பெட்டி கட்டி, நாமே ஒயர் இழுத்த ஸ்பீக்கரில் முதல் பாட்டு வரும்போது ஒரு கிறுகிறுப்பு வருமே... அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இந்த முறை ஆசை கொஞ்சம் பெரிசு. கனத்த சத்தத்துக்குக் கீழே ஒரு வூஃபர். கூர்மையான சத்தத்துக்கு மேலே ஒரு ஹார்ன். கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்களில் புனல் மாதிரி வாய் திறந்திருக்குமே, அதுதான். அதன் முதுகில் இருக்கும் கனத்த உருண்டைக்குப் பெயர் கம்ப்ரெஷன் டிரைவர். சத்தம் பிறப்பது அங்கே.

முதலில் எனக்குப் பதினைந்து இஞ்ச் வூஃபர் மேல்தான் கண். பாப்பிரெட்டிப்பட்டியில் மைக் செட் வைத்திருக்கும் நண்பர் மாதேஷ்தான் தடுத்தார்.

"அண்ணா, பதினஞ்சு நல்லா இடிக்குமுங்க. ஆனா சுருதி மேல ஏறாது. உங்க ஹார்ன் சின்னது, அது கீழ எறங்காது. நடுவுல, பேச்சு வர்ற எடத்துல பள்ளம் வுழுந்துரும். பாடறவங்க பக்கத்து வூட்டுல நின்னு பாடற மாதிரி இருக்குமுங்க."

சரியான பேச்சு. ஏரில் பூட்டும் ஜோடி மாட்டைப் போலத்தான் இதுவும். தனித்தனியாக நல்ல மாடாக இருந்து என்ன பயன்? பன்னிரண்டு இஞ்சுக்கு இறங்கி வந்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்ன் பிறவியிலேயே சத்தக்காரன். வூஃபருக்குக் கொடுக்கும் அதே பவரைக் கொடுத்தால் ஊரைக் கூட்டிவிடும். ரெசிஸ்டர் போட்டு அடக்க வேண்டும். எவ்வளவு அடக்குவது? அதை என் காதுதான் முடிவு செய்யும். இருபது வருஷமாக அப்படித்தான்.

பெட்டி தயாரானதும் பாட்டுப் போட்டேன். என் மனைவி சாந்தி முகத்தைச் சுளித்தாள்.

"குத்துதுங்க."

"எங்க குத்துது?"

"காதுலதான். வேற எங்க?"

எனக்குக் குத்தவில்லை. சொல்லப்போனால், இன்னும் கொஞ்சம் கூர்மை தேவைப்பட்டது. ஹார்ன் சத்தத்தை மேலும் ஏற்றினேன். அவளுக்கு ரசனை போதாது என்று மனசுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

இருந்தாலும் சந்தேகம் தீரட்டும் என்று, போனில் இருக்கும் ஒரு ஆப்பை ஓடவிட்டேன். அடி ஸ்தாயியில் 'ஊம்' என்று தொடங்கி, கீச்சுக் குரல் வரை படிப்படியாக ஏறும் டெஸ்ட் சத்தம் அது. எட்டாயிரம் ஹெர்ட்ஸ் தாண்டியதும் ஹார்ன் கப்சிப். டிரைவர் டூப்ளிகேட்!

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்று அனுப்பினார். ஞாயிறு காலை அதை மாட்டினேன். அதே எட்டாயிரம். அதே மௌனம். அப்போதுதான் அந்தப் போன்.

"செத்த பீஸைத் தள்ளிவிட நான்தான் கிடைச்சேனா?"

"மாத்தித் தர்றேங்க சார்" என்றார் மனிதர், பாவம்.

கோபம் தணியாமல் மறுபடி ஓடவிட்டேன். எட்டாயிரம்... பத்தாயிரம்... ஒன்றுமில்லை.

சமையலறையிலிருந்து சாந்தி கத்தினாள். "ஐயோ, அந்தக் கீச்சுச் சத்தத்த நிறுத்துங்க. பல்லு கூசுது!"

"எந்தச் சத்தம்? இப்ப ஒண்ணுமே வரலையே?"

கரண்டியோடு வெளியே வந்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதோ கேக்குதே. நெசமாலுமே உங்களுக்குக் கேக்கலீங்களா?"

போன் திரையில் பதினோராயிரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆப்பை நிறுத்தினேன். இரண்டு டிரைவரும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. பழுது என் காதில். அது எட்டாயிரத்தில் திடீரென்று வந்த பழுதாகவும் இருக்க முடியாது. அதற்குக் கீழேயே தேய ஆரம்பித்திருக்கும். பெண்கள் குரலில் பாதி எழுத்துகள் தெளிவதே அங்கேதான்.

எங்கள் வீட்டில் நாலைந்து வருஷமாக ஒரே சண்டை. "சொன்னா காதுலயே வாங்கறதில்ல" என்பாள் அவள். "நீ முணுமுணுக்கிறே" என்பேன் நான்.

சாந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னய மதிக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேங்க" என்றாள்.

நமக்குக் கேட்கவில்லை என்றால், சத்தமே வரவில்லை என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம்!

கடைக்காரரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார். பிறகு ரெசிஸ்டர் தேர்வை சாந்தியிடம் விட்டேன். "கொறைங்க... இன்னும் கொறைங்க" என்று அவள் நிறுத்திய இடத்தில், எனக்குப் பாட்டு கம்பளி போர்த்தியது போல மங்கிப்போனது. அவளோ கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டாள்.

புதன்கிழமை தருமபுரியில் காது டாக்டரைப் பார்த்தோம். மெஷின் வைக்கச் சொன்னார். அதற்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் உண்டாம், உளுந்து அளவுக்கு. அங்கிருந்த பெண் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி மாட்டிவிட்டார். மூன்றாவதை மாட்டியபோது எனக்குப் பின்னால் நின்றிருந்த சாந்தி, கத்தாமல், சாதாரணமாக, "ஏங்க" என்றாள்.

சட்டென்று திரும்பினேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, வாட்ஸ் எவ்வளவு என்று விசாரிக்காமல் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன்!