ஆடிட்டரம்மாவின் மேரி பிஸ்கட்

எங்கள் ஆபீஸ் ரபீக் அண்ணன் ஃபோன் பண்ணுகிற ஆள் இல்லை. ஒரு வரியில் முடிகிற விஷயத்தைக்கூட இருமல் சகிதம், பஸ் ஹாரன் சகிதம் குரல் பதிவாக அனுப்புகிறவர். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்ததும், “என்னண்ணே, இன்னைக்கு நேரடி ஒலிபரப்பா?” என்றுதான் ஆரம்பித்தேன்.

“மகா, மேடம் எந்திரிக்கலம்மா.”

“தூங்கட்டும்ணே. ரிட்டர்ன் எல்லாம்தான் போட்டாச்சே.”

அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வருமான வரிக்குக் கடைசித் தேதி முடிந்த மறுவாரம் அது. எந்தக் கிளையன்ட்டையும் நடுவழியில் விடாமல், தாமதக் கட்டணத்துக்கு இடம் வைக்காமல், தூக்கத்திலேயே போயிருக்கிறார். இந்த ஜோக்கை அன்று என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கேட்டால் சிரித்திருக்கக்கூடிய ஒரே ஆள், கூடத்தில் படுக்க வைக்கப்பட்டிருந்தார்.

பாலக்கோட்டில் ஆடிட்டரம்மா என்றால் பத்மாவதி மேடம்தான் என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருடைய கணக்கு எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. நினைவுக் கூட்டத்துக்காகப் போடும் இந்த மலரில் பெரியவர்கள் அவருடைய படிப்பைப் பற்றியும் பதவிகளைப் பற்றியும் எழுதுவார்கள். ஆபீஸ் சார்பில் என்னை எழுதச் சொன்ன ரபீக் அண்ணன், “கொஞ்சம் அடக்கமா எழுதும்மா,” என்றார். அடக்கம் முடிந்து நாளாகிறது அண்ணே. இனி எழுதுவதுதான் பாக்கி.

ஆடிட்டர் ஆக வேண்டுமானால் பரீட்சை மட்டும் போதாது, ஓர் ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர வேண்டும். அதற்காக அப்பா என்னை மேடம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். எனக்கோ சென்னைக்குப் போய் காமெடி வீடியோ எடுக்க ஆசை. மேடம் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கணக்கு வரும்போல இருக்குது. வாய் அடங்குமா?”

“பொண்ணு கொஞ்சம் கலகலப்புங்க,” என்றார் அப்பா.

“கலகலன்னு இருக்கறது கடையில இருக்கட்டுங்க. இது ஆபீஸ்.” பிறகு என்னிடம் திரும்பினார். “இங்க வர்ற கணக்கு ஒண்ணு உன் வாய் வழியா வெளிய போச்சுன்னா, அன்னைக்கே பையை எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போயிரணும். சரியா?”

சரி என்றேன். சீக்கிரமே வாயை விட்டுவிட்டு சென்னைக்குப் போய்விடலாம் என்பதுதான் அப்போதைய திட்டம். ஆனால் ஒரு மாட்டுத் தீவனக் கடையின் கணக்கு எங்கோ இடறி, நாள் முழுக்கத் தேடி, சாயங்காலம் சட்டென்று பொருந்தியபோது, என் ஜோக்குக்கு ஒரு கூடம் முழுக்கக் கைதட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியை விட மனசு வரவில்லை. சனியன், கணக்கு எனக்குப் பிடித்துவிட்டது.

மேடமுக்கும் அப்படித்தானாம். அவரோடு படித்தவர்கள் பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்களில் இருந்தார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “அங்க பாக்கறதெல்லாம் நம்பரு. இங்க நம்பருக்குப் பின்னாடி தக்காளி இருக்குது, தக்காளிக்குப் பின்னாடி ஆளு இருக்குது. ஆளைத் தெரியாம எப்பிடிம்மா கணக்குப் பாக்கறது?” என்றார். தக்காளி விலை விழுந்த வாரங்களில் நம் விவசாயக் கிளையன்ட்டுகள் ஃபீஸுக்குப் பதில் ஒரு கூடைப் பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வாரங்களில் ஆபீஸில் ரசம் வாசனைதான் வரும், ரசீது வாசனை வராது.

அடங்காத வாய்க்கு முதல் சோதனை ஜூலை மாதத்தில் வந்தது. கடைசித் தேதி நெருங்கினால் ‘தேதியைத் தள்ளி வைப்பார்களா’ என்று ஊரே கேட்கும். நான் ஆபீஸ் வாட்சப் குழுவில் ‘நீட்டிச்சாச்சு!’ என்று பட்டாசுப் படத்தோடு போட்டேன். விளையாட்டுக்குத்தான். ஆனால் ரபீக் அண்ணன் அதைப் பரவசத்தோடு கிளையன்ட்டுகளுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் கணக்குக் காகிதங்களோடு ஒரு மஞ்சப்பைகூட வரவில்லை. மேடம் என் மேஜைக்கு வந்து ஆபீஸ் ஃபோனை என் முன்னால் வைத்தார். “நீட்டினது நீ. சுருக்கறதும் நீதான்.” அன்று முழுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தேதி நீளவில்லை, நீண்டது என் கைதான் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் மேடம் சுக்கு மிட்டாய் கொடுத்தார். “இன்னொண்ணு நடந்துச்சுன்னா மிட்டாய் கிடையாது. பைதான்.”

இன்னொன்று நடந்தது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜாதகம் பொருந்தினால் போதாது, மாப்பிள்ளை வீட்டு ஆடிட்டரையும் ஒரு எட்டுப் பார்க்க வேண்டும். தை பிறந்தால் எங்கள் ஆபீஸில் வரிக்காக வருகிறவர்களைவிட வரனுக்காக வருகிறவர்கள்தான் அதிகம்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தோங்க. அந்தப் பையன் குடும்பம் எப்பிடிங்க?”

மேடம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “அவங்க என் கிளையன்ட்டுங்க. டீ சாப்பிடுங்க.”

அதற்கு மேல் ஒரு புருவம்கூட அசையாது. வந்தவர்கள் விடுவார்களா? ஆடிட்டரம்மா ஃபேனைக் கூட்டி வைத்தார்கள், அப்படியானால் நல்ல இடம். பெருமூச்சு விட்டார்கள், அப்படியானால் வில்லங்கம் என்று அவர்களாகவே ஜோசியம் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்த ஜோசியத்துக்கு ஒரு நல்ல கருவி செய்து கொடுத்தவள் நான். தக்காளி மண்டி வாசலில் டீக்கடைக்காரர், “உங்கம்மா மனசைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?” என்று கேட்டபோது, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “டீயோட கிரீம் பிஸ்கட் வந்தா பேசி முடிச்சுருங்க. மேரி பிஸ்கட் வந்தா பஸ் ஏறிருங்க.”

டீக்கடையில் சொன்ன சேதி ஏரியூர் வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் மேடம் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கிரீம் பிஸ்கட்டைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு அம்மா மேரியைப் பார்த்துவிட்டு டீயைத் தொடாமலே எழுந்து போனார். டப்பாவில் எது மேலே இருக்கிறதோ அதை ரபீக் அண்ணன் எடுத்து வைப்பார், அவ்வளவுதான். நான் உள்ளே உட்கார்ந்து மேஜைக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தவர் என் அப்பா.

அக்காவுக்கு இண்டூரில் வரன். நான் கணக்கைப் பொருத்திக் கைதட்டல் வாங்கினேனே, அதே மாட்டுத் தீவனக் கடைப் பையன்தான். அக்கா தர்மபுரியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து ஃபோனும் கையுமாகத் திரிந்தாள். மாத்திரை கேட்டு வந்தவரிடம் மாப்பிள்ளை பெயரைச் சொன்னாள் என்று கேள்வி. அப்பா, எல்லோரையும் போல, ‘சும்மா இந்தப் பக்கம்’ வந்தார். மேடம், எல்லோரிடமும் போல, டீ சாப்பிடச் சொன்னார். ரபீக் அண்ணன் டப்பாவைத் திறந்தார். மேரிதான் இருந்தது. ஏனென்றால் கிரீம் பிஸ்கட் அத்தனையையும் மத்தியானம் தின்று தீர்த்தது நான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா துண்டை உதறிக் கொடியில் போட்டார். “அந்த இடம் வேண்டாம். மேரி வெச்சுட்டாங்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“அப்பா, அது சும்மாப்பா. நான்தான் கெளப்பி வுட்டேன்.”

“நீ அந்த ஆபீஸ் ஆளு. அப்பிடித்தான் மறைப்ப.”

“நெசமாப்பா! கிரீமைத் தின்னதே நான்தான்!”

“அக்கா மேல இருக்கற பாசத்துல பழியை உன் தலையில போட்டுக்காத சாமி.”

வாழ்நாளெல்லாம் பொய் சொன்னபோது நம்பிய மனுஷன், முதல் தடவையாக உண்மையைச் சொன்னதும் நம்ப மறுத்துவிட்டார். அக்கா என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏய், ஃபைல் உங்கிட்டதானே இருக்குது? என்ன இருக்குதுன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுடி.”

“சொன்னா என் வேலை போயிரும்கா.”

“சொல்லலைன்னா என் கல்யாணம் போயிரும்டி.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கிண்டல் பண்ணியிருப்பேன். வெறுமனே படியில் உட்கார்ந்து ஃபோன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கு எனக்கு வரிவரியாகத் தெரியும். ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வாக்கியம் பல் வரைக்கும் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் பையை நானே எடுத்து வைத்துக்கொண்டுதான் மேடம் அறைக்குள் போனேன். டீக்கடை, கிரீம், மேரி, அப்பா, அக்கா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மேடம் பேனாவை மூடினார்.

“இத்தினி நாளா எல்லாரும் தட்டையே பாத்தாங்களே, அது இதுக்குத்தானா?”

“ஆமாங்க மேடம்.”

“ஊர்ல எல்லாருக்கும் சக்கரை வியாதி வந்துருச்சுன்னு நெனச்சேன்.”

ரபீக் அண்ணன் கதவுக்கு வெளியே இருமுவதுபோலச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

“உங்க அக்கா கேட்டதுக்கு எதையாச்சும் சொன்னியா?”

“இல்லைங்க. கணக்கு ஒண்ணுகூட வெளிய போகலைங்க. போனது பிஸ்கட்டு மட்டுந்தான்.”

“பிஸ்கட்டு நம்ம கிளையன்ட் இல்ல,” என்றார். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். “அதைக் கழட்டி வெச்சுட்டு உக்காரு.”

உட்கார்ந்தேன். இண்டூர்ப் பையனைப் பற்றி அப்பாவிடம் அவரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கெஞ்சினேன். “உங்கப்பாவுக்குச் சொன்னா ஊருக்கும் சொல்லணும்,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் இன்றைக்கும் அப்படியே திருப்பிச் சொல்கிற வார்த்தைகளைச் சொன்னார்: “அது அந்தப் பையனோட கணக்கு. நான் காட்டுனா துரோகம். நீ காட்டுனா திருட்டு. அவனே காட்டுனா சம்பந்தம். கட்டிக்கப் போறவளுக்குக் கேக்க வாய் இல்லையா? தங்கச்சிக்கு இருக்கறதுல பாதி இருந்தாக்கூடப் போதுமே.”

அக்கா கேட்டாள். மாப்பிள்ளை அந்த ஞாயிற்றுக்கிழமையே தன் ரிட்டர்னையும் பேங்க் காகிதங்களையும் ஒரு தீவனச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் கூடத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினார்.

“நல்லதும் இருக்குதுங்க மாமா, சுமாரும் இருக்குதுங்க. ரெண்டையும் பாத்துக்கங்க. பாத்துட்டு வேண்டாம்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்.” பிறகு அக்கா பக்கம் திரும்பி, “உங்க சம்பளச் சீட்டையும் கொண்டாங்க. நான் மட்டும் காட்டறது என்ன நியாயம்?” என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ஆடிட்டரம்மா எதுக்கு மேரி வெச்சாங்கன்னுதான் தெரியல,” என்றார். அந்தக் காகிதங்களில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அவர் இப்போது எனக்கு மாமா. ஆனாலும் ஆபீஸைப் பொறுத்தவரை கிளையன்ட். சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்கு மேடம் வந்தார். கையில் பரிசுப் பொட்டலம். முகூர்த்தத்துக்கு முன்னால் அப்பா ஓடிப்போய் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. தாலி கட்டி முடிந்து, மேளம் ஓய்ந்து, இனி யாரும் மனசை மாற்றிக்கொள்ள முடியாது என்று உறுதியான பிறகு மேடையேறிக் கொடுத்தார். பிரித்தால் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள். அப்பா அங்கேயே தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் மேடம் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தேன். ஆபீஸில் தோள் மட்டும்தான் குலுங்கும்.

இனி அலமாரிகள் தர்மபுரியில் இன்னொரு ஆடிட்டரிடம் போகின்றன. மீதிப் பயிற்சிக்கு நானும் போகிறேன். சென்னை காமெடி வீடியோ எனக்காகக் காத்திருந்தால் காத்திருக்கட்டும், தேதி நீட்டிக்கப்படுகிறது.

மேடம் போன அன்று சாவு வீட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையோடு வந்திருந்த ஏரியூர்க்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தங்கமான மனுஷிம்மா,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கற? எம் பொண்ணுக்கு இங்க ஒரு இடம் வந்துருக்குது…” பையனின் பெயரைச் சொன்னார். தெரிந்த பெயர். தெரிந்த கணக்கு. பதில் என் பல் வரைக்கும் வந்தது.

“அவங்க எங்க கிளையன்ட்டுங்க. டீ சாப்பிடுங்க,” என்றேன்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு என் இன்னொரு கையைப் பார்த்தார். காலியாக இருந்தது. “இன்னைக்குப் பிஸ்கட்டு இல்லீங்களாம்மா?” என்றார், மெதுவாக.

பேனா, கண்ணாடி, மேஜை எல்லாவற்றையும் மேடம் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, வாய் வரைக்கும் வந்ததைத் திருப்பி அனுப்புகிற அந்த ஒரு நொடி. அதை வைத்துக்கொண்டுதான் அன்று உள்ளே திரும்பிப் போய், கூடத்தில் அவர் பக்கத்தில், வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.