வாழைமரம் கட்டிய பள்ளிக்கூடம்

நான் ஆறாம் வகுப்பு படித்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மணமேடையில் பதினொன்றாம் வகுப்பு, கீழே நாற்காலிகள் போடும் இடத்தில் ஒன்பதும் பத்தும், பந்தி நடக்கும் கூடத்தில் நாங்கள். மணமகள் அறையில் தலைமை ஆசிரியை உட்கார்ந்திருப்பார். மணமகன் அறையில் ஆய்வகச் சாமான்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். எங்கள் கூடத்துச் சுவரில் எத்தனை கழுவினாலும் சாம்பார் வாசனை போகாது. பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் மனை வாங்கிக் குடியேறக் குடியேற, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார வேண்டியதாயிற்று. கடைசியில் அரசாங்கம் மனது வைத்தது. பத்தாவதோடு நின்ற பள்ளி பன்னிரண்டு வரை உயர்ந்தது. மழைக்கு ஒழுகும் ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்புவதென்று முடிவாயிற்று. கட்டி முடியும்வரை பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, தன் மண்டபத்தைத் தருகிறேன் என்று முன்வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா ஊரில் யாரையும் கேலி செய்யாமல் விட்டதில்லை. அவர் ஒரு நல்ல காரியம் செய்தால்கூட அதில் ஏதோ விளையாட்டு இருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முகூர்த்த நாட்களில் மண்டபத்தைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். அன்றைக்குப் பெரிய வகுப்புகள் ஊர்க்கோடியில் இருக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகும். அங்கே எங்களுக்கு இடம் போதாததால் லீவு. அதனால் பாடத்தைவிடப் பஞ்சாங்கத்தில் நாங்கள் கெட்டிக்காரர்களாக இருந்தோம். லீவு விட்டது போதாதென்று, மண்டபத்துக்காரரின் அக்கா பெண் என்ற உரிமையில், முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வருவேன்.

என் அக்கா அந்தப் பதினொன்றாம் வகுப்பின் முதல் அணியில் இருந்தாள். பள்ளி உயராமல் இருந்திருந்தால் அவள் படிப்பு பத்தாவதோடு முடிந்திருக்கும். பஸ் ஏற்றி வெளியூருக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. உள்ளூரிலேயே, அதுவும் மச்சினர் மண்டபத்திலேயே வகுப்பு என்றதும் மறுப்பதற்கு அவரிடம் காரணம் இல்லாமல் போயிற்று. பள்ளியில் கொடுத்த சைக்கிளை அக்கா ஓட்டி வந்தபோது அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் செயினுக்கு எண்ணெய் விடுவதை அவரே எடுத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் பண்ருட்டி அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. முந்திரி வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தாயில்லாமல் போன அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் வீட்டுக்குள் வந்தால் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார், அவள் போகும்வரை உட்காரமாட்டார். தன் மகனுக்கு அக்காவை இப்போதே நிச்சயம் செய்துவிட வேண்டும், பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் என்றாள். தை தாண்டினால் பையனுக்கு இரண்டு வருஷம் யோகமில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். நிச்சயம் ஆன பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்றும் போகிற போக்கில் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றார். அக்கா உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு விருந்து வரப்போகிறது என்று ஒரே சந்தோஷம்.

தையில் பையனின் நட்சத்திரத்துக்குப் பொருந்தி வந்தது கடைசி முகூர்த்தம்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் முதல் புடவையும் மாலையும் எடுத்துக் கொடுக்காமல் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் நடக்காது. அந்த மாமாவோ, அன்றைக்கு மண்டபத்தில் பெரிய இடத்துக் கல்யாணம், தான் நகரவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா அதைப் பண்ருட்டிக்குப் போன் செய்து சொன்னார். அத்தை பட்டென்று போனை வைத்துவிட்டாளாம்.

அந்த நாள் வந்தது. எனக்கு லீவு. அக்கா பரீட்சை என்று விடிந்ததும் சைக்கிளில் போய்விட்டாள். நான் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு பெரிய இடத்துச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை தட்டு நிறையப் பழமும் பூவுமாக இறங்கினாள். மாமாவை அரை மணி நேரம் அழைத்து வந்தால் போதும், புயல் மையத்திலிருந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா, சின்னதாக முடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பேச்சு முடிவதற்குள் பந்தி முடிந்துவிடும் என்று நான் நழுவிவிட்டேன்.

மண்டப வாசலில் குலையோடு இரண்டு வாழைமரங்கள் கட்டியிருந்தன. மாவிலைத் தோரணம் இருந்தது. மாமா பட்டு வேட்டியில் சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு ஒன்றும் கிடக்கவில்லை, மேளம் கேட்கவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தேன். அடுப்பு மூட்டவே இல்லை. மணமேடையில், தங்கநிறக் காகிதம் ஒட்டிய வளைவுக்குக் கீழே, அக்காவின் வகுப்பு உட்கார்ந்து கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. புயல் மையத்துக்குப் போகாமல் இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று மாமாவிடம் கேட்டேன். சாப்பாடு எங்கே என்று அதைவிடச் சத்தமாகக் கேட்டேன். மாமா வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

அதற்குள் அப்பாவின் டி.வி.எஸ். வந்துவிட்டது. அப்பா வாழைமரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு உள்ளே பார்த்தார். அவர் முகம் சிவந்ததைக் கண்டு நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமா அன்றைக்குக் கேலி பேசவில்லை.

“உள்ள வந்து பாருங்க மச்சான். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. எழுப்பிக் கூட்டியாந்துடுறேன், புடவையும் எடுத்துக் குடுத்துடுறேன்.”

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கல்யாண வீட்டுக்குள் வருவதுபோலத்தான் வந்தார். அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. பின்னல் முன்னால் விழுந்து தாளை மறைக்க, அதைப் பின்னால் தள்ளிவிட்டு எழுதினாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டாள். வகுப்பில் வேறு யாரும் அதுவரை கேட்கவில்லை. டீச்சர் தாளைக் கொடுத்தார். அக்கா அதை நூலில் கோத்துக் கட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். அப்பா அப்படியே நின்றுகொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, என்னைப் பார்த்து வண்டியில் ஏறு என்றார்.

வீட்டில் அத்தை திரும்பவும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். வராரா என்று கேட்டாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எப்பிடிக்கா வருவாரு? கூட்டம் ஜாஸ்தி. நிக்க எடமில்ல.”

பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, பரீட்சையின் நடுவில் எழுப்பமாட்டார்கள் என்றார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பொய் சொன்னதற்காகப் போன வாரம்தான் அப்பா என் காதைத் திருகியிருந்தார். கூட்டமே இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போதே வாழைமரத்தைப் பார்த்தேன் என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. கிளம்பும்போது என் தலையைத் தடவிவிட்டு, கொண்டுவந்த பூவையும் பழத்தையும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் கழித்து விருத்தாசலம் பக்கத்தில் பெண் எடுத்தாள். அந்த முகூர்த்தத்தில் மண்டபத்தில் யாருக்குக் கல்யாணம் என்று கடைசிவரை அவள் அப்பாவைக் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருந்தாளோ என்று இப்போது சில சமயம் எனக்குத் தோன்றுகிறது.

புதுக் கட்டடத்தைத் திறந்தபோது அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. வாசலில் வாழைமரம் கட்டினார்கள். மாமா அதைக் காட்டி அப்பாவிடம் காதோடு ஏதோ சொன்னார். அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு, அன்றைக்குச் சிரித்தார்.

அந்தத் தை மாதத்து மாலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடத்தில் இருந்த பழத்தட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்பா அவளிடம் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார். அதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை. அவள் நன்றாக எழுதினேன் என்றாள். அவ்வளவுதான். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா கதவோரம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கிடைக்காமல் திரும்பியவள் நான், அழுவதென்றால் நானல்லவா அழ வேண்டும்.