சாவு வீட்டில் 'வர்றேன்' என்றவர்

பாலிடெக்னிக்கில் படித்த நான் எதையும் வரிசைப்படுத்தித்தான் செய்வேன். விழுப்புரத்தில் அப்பா இறந்தபோதும் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பென்ஷன் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். அம்மாவைச் சாப்பிட வைக்க மட்டும் முடியவில்லை. காரியம் முடிந்து, உறவினர்கள் சாவு வீட்டு வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போன பிறகு, அம்மா பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான், என்னோடு வேலை பார்ப்பவர் சொல்லி, திண்டிவனத்திலிருந்து நர்ஸம்மா வந்தார். ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர். துக்க வீடுகளைத் தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருப்பதை எங்கள் பக்கத்தில் முதலில் தொடங்கியவர் அவர்தான்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உங்க வூட்டுக்காரரு எப்படிங்க, கோவக்காரரா?" என்று கேட்டார். நான் பதறிப்போனேன். அம்மா நிமிர்ந்தாள்.

"கோவமா? மல்லாட்டக் கடலையக்கூட நான் உரிச்சிக் குடுத்தாதான் துன்னுவாரு. அவ்ளோ சோம்பேறி," என்றாள். பிறகு வெகுநேரம் அழுதாள்.

கிளம்பும்போது நர்ஸம்மா வாசலில் நின்று, "வர்றேங்க," என்றார்.

"சாவு வூட்ல அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"தெரியும்மா. திரும்ப வரப்போறவ சொல்லிட்டுத்தானே போவணும்?"

சொன்னபடி அடுத்த வாரமும் வந்தார். அம்மா அவருக்காகச் சமைத்து, அவரோடு உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள்.

போன வாரம் நர்ஸம்மா இறந்துவிட்டார். திண்டிவனத்தில் எல்லோரும் சத்தமில்லாமல் கலைந்தபோது, அம்மா அவருடைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வர்றேம்மா," என்றாள்.

இந்த ஞாயிறு அம்மாவோடு நானும் பஸ் ஏறுகிறேன். அங்கே என்ன பேசுவது என்று எதையும் வரிசைப்படுத்தி வைக்கவில்லை.