பிடுங்கி வைத்துக்கொண்ட பை

பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுவது என் வேலை. அன்று லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சேவூரில் ஆரணி பஸ் ஏறினேன். கூட்டம் நெரித்தது. என் பை, சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் முகத்தில் இடித்துக்கொண்டே வந்தது.

"ஏம்மா, எத்தினி வாட்டி இடிப்பே? கழட்டிக் குடு," என்றார்.

"உள்ள லேப்டாப் இருக்குதுங்க. யார்கிட்டயும் தர மாட்டேன்."

"நான் என்ன, திருடிகினு ஓடவா போறேன்?"

வெடுக்கென்று பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். நானும் அதன் வாரை விடாமல் அவரை முறைத்தபடி நின்றேன்.

டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். நான் வாரை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தேன். அவரோ இரண்டு கைகளாலும் பையை அணைத்துக்கொண்டார். முன்சீட்டுக் கம்பியில் நெற்றி மோதிப் புருவம் வீங்கியது.

"பையை விட்டுட்டுக் கம்பியைப் புடிச்சிருக்கலாமேங்க," என்றேன்.

"ஒடஞ்சா என்னைத்தானே கேப்பே?"

நான் நீட்டிய கைக்குட்டையை அவர் வாங்கவில்லை. ஆரணியில் இறங்கியதும் பையை என் கையில் திணித்தார்.

"தொறந்து பாத்துக்கோ. அப்புறம் என்னைத் திருடின்னு சொல்லாதே."

திறக்கும்வரை அவர் நகரவில்லை. திறந்தேன். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமிர்வதற்குள் அவர் போய்விட்டார்.

என் நன்றியை வாங்கிக்கொண்டு போயிருந்தால், அவரை அன்றைக்கே மறந்திருப்பேன்.