அத்திம்பேரின் கண்ணும் முன்பல்லும்

1. ஒரு நாள் காலையில் அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், இடது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதப்பதாகச் சொன்னார்.

2. அக்கா ஒட்டடை அடிக்காததே காரணம் என்று தீர்ப்பாயிற்று. வீடு உத்தரம் வரை சுத்தமானது.

3. நூல்கள் போகவில்லை. நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விட்டார்கள்.

4. இடது கண்ணில் பார்வை முழுக்க மறைந்த பிறகு, வீட்டில் ஒருத்தி டாக்டருக்குப் படித்திருப்பது நினைவுக்கு வந்தது.

அந்த ஒருத்தி நான். காவிரிக்குத் தெற்கே ஓர் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் வேலை. பெண் டாக்டர் பிரசவம் பார்க்கத்தான் என்று எங்கள் ஊர் ஸ்ரீரங்கம் முடிவு செய்திருந்ததால், அத்திம்பேருக்கு என் உதவி தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பெரிய டாக்டர் அவர் கண்ணுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். விழித்திரையின் இரத்தக் குழாய்களில் அழற்சி கண்டு, ஒன்றிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது; நூல்களாக மிதந்தது அதுதான். வலது கண்ணிலும் அழற்சி தொடங்கியிருந்தது. பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். மேல் முன்பற்களின் ஈறுகளில் சீழ். உடம்பில் ஓரிடத்துச் சீழ் கண்ணின் குழாய்களிலும் அழற்சியை உண்டாக்கலாம் என்பது எங்கள் பாடம். பற்களை எடுத்துவிடச் சொன்னார்.

"கண்ணைக் காட்ட வந்தா பல்லைப் பிடுங்கறாளே! கால் வலின்னா காதை அறுப்பாளோ?" என்றார் அத்திம்பேர்.

"ரெண்டுக்கும் ஓடறது ஒரே ரத்தம், அத்திம்பேர். பல்லை எடுத்தா போன கண் வராது. இருக்கற கண் பிழைக்கலாம், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் கவலை வேறு. கோயிலில் பாசுரம் பாடும் பிரபந்த கோஷ்டியில் அவருக்கு முன்வரிசை. முன்பல் போனால் 'த'வுக்குப் பதில் காற்று வரும்; பின்னால் தள்ளிவிடுவார்கள். பார்வை பெரிதா, வரிசை பெரிதா என்று வாரக்கணக்கில் ஆழ்ந்து சிந்தித்தார். வலது கண்ணில் முதல் நூல் மிதந்த அன்றும் சிந்தித்தார். அக்காதான் பொறுமை இழந்தாள்.

"உங்க முன்வரிசைல எத்தனை பேருக்குப் பல் இருக்கு, சொல்லுங்கோ பாப்போம். அவா சேவிக்கறதைப் பெருமாள் கேக்காமலா இருக்கார்? கண் போனா கோஷ்டி என்ன, வாசப்படியே தாண்ட முடியாது!"

கோஷ்டியை ஒவ்வொரு வாயாக நினைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டி கொண்டுவரச் சொன்னார். வழி நெடுக, பல்லை எடுப்பது தன் யோசனை என்பது போலவே பேசிக்கொண்டு வந்தார்.

இப்போதைய நிலை: இடது கண்ணில் கையசைவு மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் புதிய கசிவு இல்லை, அதனால் படிக்கிறார். பல்லை எடுத்ததால்தான் என்று பெரிய டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அழற்சி திரும்பலாம். மாதந்தோறும் வந்து காட்டுகிறார்.