மஞ்சள் துணியில் இரண்டு யூரோ

போரின் கடைசி மாதத்தில் அண்ணன் ஜேர்மனியிலிருந்து டொரண்டோவுக்கு, என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தங்கை வன்னியில் இருந்தாள், தன் சின்ன மகனோடு, ஏதோ ஒரு பதுங்குகுழியில். அவள் குரலைக் கேட்டுப் பல வாரமாகியிருந்தது. தனியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் அண்ணன் வந்தார். என் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பைத்தியமானோம்.

ஒரு பின்னேரம் திரையில் கூரை பறந்துபோன ஆஸ்பத்திரியைக் காட்டினார்கள். தரையெல்லாம் சனம், பாதிப் பேரில் அசைவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பியை எடுத்தார். விதவிதமான நாட்டுக் காசு சேர்க்கிற பழக்கம் அவருக்கு. உள்ளே ஒரேயொரு இரண்டு யூரோக் காசு. ஐரோப்பாவில் ஏதோ ஒரு பழைய தலைநகரத்தின் கலையையும் பண்பாட்டையும் கொண்டாட அடித்ததாம். நடுவில் கோபுரமும் நாடக மண்டபமும், சுற்றிவர நட்சத்திரங்கள்.

“இந்த நகரத்தையும் குண்டு போட்டு அழிச்சவங்கள். திரும்பக் கட்டி, இப்ப காசிலையும் அடிச்சிருக்கிறாங்கள்” என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது.

“கல்லைத் திரும்பக் கட்டலாம். செத்த சனத்தைக் கட்டுவாங்களோ?”

டப்பியைப் பறித்து அவர் முகத்திலேயே எறிந்தேன். புருவம் வெடித்து இரத்தம் வந்தது. ஒருநாளும் கை நீட்டாத மனிதர், எழும்பி என் கன்னத்தில் அறைந்தார். நான் அவர் சேர்ட்டைப் பிடித்துக் கிழித்தேன். கோப்பைகள் உடைந்தன. கீழ்வீட்டுக்காரர் கூரையில் தடியால் இடித்தார். அடிக்க வேண்டியவர்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டினது நாங்கள் இரண்டு பேரும்தான்.

களைத்த பிறகு அண்ணன் முழங்காலில் தவழ்ந்து, சோபாவுக்கு அடியில் காசைத் தேடி எடுத்தார். “மஞ்சள் இருக்கோடி?” என்று கேட்டார்.

உயிருக்கு ஆபத்தென்றால், அந்த ஆளின் பெயரைச் சொல்லி மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு நேர்ந்து வைப்பது எங்கள் வழக்கம். ஆள் தப்பினால் அதை முடிச்சோடு கோயில் உண்டியலில் போட வேண்டும்.

“கனடாக் காசு கிடக்குதே, அண்ணை.”

“எனக்கு விருப்பமானதைக் குடுத்தால்தானே பிள்ளையாரிட்ட வாய் திறந்து கேக்கலாம்.”

துணியொன்றில் மஞ்சள் பூசி, தங்கையின் பெயரைச் சொல்லிக் காசை முடிந்தார். புருவத்து இரத்தம் துணியிலும் சொட்டியது.

போர் முடிந்தது. முடிச்சை என்னிடம் தந்துவிட்டு அண்ணன் திரும்பிப் போய்விட்டார். சில வாரம் கழித்து ஒரு காலை, ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்தார். தங்கையை அகதி முகாமில் கண்டார்களாம், உயிரோடு இருக்கிறாளாம். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு அது போதும். செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் வரைக்கும் பெரிதாக அழுதுகொண்டே ஓட்டினேன். முடிச்சைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்று பின்னேரம் முகாமிலிருந்து தங்கையே போன் எடுத்தாள்.

“பிள்ளை எங்கையடி?” என்றேன்.

“கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடினனான். ஷெல் விழுந்தது. கை மட்டும் என்ர கையில கிடந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை, அக்கா.”

அண்ணன் காசு முடிந்த கதையைச் சொன்னேன்.

“எனக்கு மட்டுமோ முடிஞ்சனீங்கள்?”

“ஓம்.”

“போட்டிட்டீங்களோ?”

“ஓமடி.”

“போய்த் திருப்பி எடுங்கோ” என்றாள்.

மறுநாள் போனேன். உண்டியலை இரண்டு கையாலும் அடித்தேன், விரல் முட்டித் தோல் உரியும்வரை அடித்தேன். உள்ளே காசுகள் குலுங்கின. ஆட்கள் ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். “என்ன விழுந்திட்டுது, அன்ரி?” என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு யூரோ என்றேன்.