பரீட்சை மண்டப வாசலில் என் கார்

இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பல்கலைக்கழகம் கிடைப்பதைத் தீர்மானிக்கிற உயர்தரப் பரீட்சையில் மகள் கணக்கியல் எழுதிய காலை, கொழும்பில் பொரளைப் பக்கம் ஒரு பாடசாலை வாசலில் நடந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் இறங்கினால் காலி வீதி என்கிற பெருந்தெருவிலேயே பொரளைக்குப் பஸ் இருக்கிறது. ஆனால் சோதினைக்குப் போகிற பிள்ளையை பஸ்ஸில் அனுப்பலாம் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. கணவர் வெளிநாட்டில். காரை நான்தான் ஓட்டுவேன்.

எங்களைப் போன்ற பெற்றோருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வாசலுக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டக் காரைக் கொண்டுபோய் நிறுத்துவோம். பிள்ளை உடனே இறங்காது. ஏசி ஓட, பின் சீட்டில் இருந்து மணி அடிக்கும்வரை குறிப்புகளைப் புரட்டும். வெளியில் நின்றால் வியர்க்கும், மற்றப் பிள்ளைகளோடு கதைத்துக் குழம்பும் என்பது எங்கள் நியாயம். ஒரு காருக்கு ஒரு பிள்ளை. வீதியோரத்தில் இடம் முடிந்தால் இரண்டாவது வரிசை. அன்று மழை தூறியதால் கார்கள் இன்னும் கூட. நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் சந்திவரை அடைத்துக் கிடந்தது. அங்கே பஸ்கள் விடாமல் ஹோன் அடித்தன.

ஒரு பொலிஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். “நோனா, மெத்தன நவத்தன்ன பே.” இங்கே நிற்பாட்ட ஏலாதாம். மகளுக்குச் சோதினை, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் முன்னும் பின்னும் நின்ற கார்களைப் பார்த்தார். எல்லாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள் போல. அப்படியே போய்விட்டார்.

“அம்மா, சோதினை எனக்கோ உங்களுக்கோ? கொஞ்சம் மூச்சு விடுங்கோ,” என்று மகள் பின்னால் இருந்து சிரித்தாள்.

மணி அடித்தது. அவள் இடப்பக்கத்தால் இறங்கி ஓடினாள். திரும்பிப் பார்த்தால் அவளுடைய கைக்கடிகாரம் சீட்டில் கிடக்கிறது. மண்டபத்துக்குள் நேரம் தெரியாமல் தவிப்பாளே என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் என் தலையில் இல்லை. கடிகாரத்தை எடுத்தேன், என் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகுதான் வெள்ளைச் சீருடையைக் கண்டேன். கார்களுக்கு இடையில் ஓடிவந்த ஒரு பிள்ளை என் கதவில் மோதி, வலக்கையை ஊன்றியபடி ஈரத் தாரில் விழுந்து கிடந்தாள்.

மகளின் வகுப்புப் பிள்ளைதான். கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவள். ‘பிந்தி வாற பிள்ளை’ என்றுதான் எனக்கு அவளைத் தெரியும்.

“சொறி ஆன்டி, நான்தான் பாக்கல,” என்றாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். “பஸ் சந்தியிலேயே நிண்டுட்டுது. அதான் இறங்கி ஓடி வந்தேன். டைம் என்ன ஆன்டி?”

மகளின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் உள்ளே எடுக்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு பிந்தவில்லை. ஆனால் வலது மணிக்கட்டு என் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தாள், முகம் சுருங்கியது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குள் ஓடினாள். பின்னால் நின்ற காரில் இருந்தவர் கதவைச் சாத்தச் சொல்லி ஹோன் அடித்தார்.

காரைத் தூரத்தில் ஓர் ஒழுங்கையில் விட்டுவிட்டு வந்து, கொடுக்காமல் விட்ட கடிகாரம் கையில் இருக்க, பரீட்சை முடியும்வரை மதிலோரம் நடந்துகொண்டே இருந்தேன். உள்ளே என் பிள்ளை என்ன எழுதுகிறாள் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. அந்தக் கை பேனையைப் பிடிக்குமா என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. வகுப்புத் தாய்மாரிடம் நம்பர் வாங்கி அவளுடைய தாய்க்கு அழைத்தேன். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலையாம். வெளிக்கிட்டு வருவதாகச் சொன்னார். அவர் வந்துசேரவும் பிள்ளைகள் வெளியே வரவும் சரியாக இருந்தது.

“கடைசிக் கேள்வி எழுதல அம்மா. கை கேக்கல,” என்றாள் அந்தப் பிள்ளை. அப்போதுதான் அழுதாள்.

மகளையும் ஏற்றிக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் என் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. அந்தத் தாய் வழி முழுக்க சீட்டில் சாயாமல் நிமிர்ந்தே இருந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அடுத்த பேப்பருக்கு நானே கொட்டாஞ்சேனைக்கு வந்து பிள்ளையை ஏத்துறன்,” என்றேன்.

“வேண்டாம் மிஸ்,” என்றார். “உங்க கார்ல வந்தாலும் அதே சந்தியிலதானே நிப்போம். அந்த வாசல்ல கார் நிக்காட்டி எங்க பஸ் நேரத்துக்கு வந்துரும்.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது மகள் முன் சீட்டில் இருந்தாள். ஒழுங்கை திரும்பும்போது, “அவ பிந்தி வந்தா நாங்கள் வகுப்பில சிரிக்கிறனாங்கள் அம்மா,” என்றாள்.

அடுத்த பாடத்துக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். அதே சந்தியில் பஸ் நின்றது. யன்னலால் கீழே பார்த்தேன். வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் பின் சீட்டிலும் ஒரு பிள்ளை, மடியில் குறிப்பு. நான் நின்ற இடத்தில் வேறொரு தாய் பொலிஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கண்டக்டர் கார்களைக் காட்டி எங்களிடம் ஏதோ பகிடி சொல்ல, பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். “இறங்கி நடப்பம் அம்மா,” என்றாள் மகள்.

வாசலில் அந்தப் பிள்ளை கையில் பன்டேஜோடு மதில் கட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாய், சாப்பாட்டுப் பார்சலோடு. விடியமுந்தி வரும் முதல் பஸ்ஸில் வந்தார்களாம். கேட் திறக்க முந்தியே வந்துவிட்டார்களாம். “இண்டைக்குப் பிந்தல ஆன்டி,” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இன்னும் பெறுபேறு வரவில்லை. இப்போதும் கார்க் கதவில் கை வைத்தால், கண்ணாடியில் வீதி வெறுமையாகத் தெரிந்தாலும், உடனே திறக்க மனம் வருவதில்லை. பெறுபேறு வரும் நாளில் என் மகளுடையதைப் பார்த்த பிறகும் என் பயம் முடியாது, எழுதாமல் விட்ட அந்தக் கடைசிக் கேள்வி அந்தப் பிள்ளையிடம் இருந்து எதைப் பறித்தது என்று தெரியும்வரை.